மூன்றே குறிகளில் எண்ணியவர்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில், கிரேட் டோரிங்டன் என்றொரு சிற்றூர். அங்குள்ள தூய மிக்கேல் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்றில், புனிதர்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கணக்குப் போடும் கருவியின் உருவம் இருக்கிறது. கருவி எப்போதோ காணாமல் போய்விட்டது. உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே படம் அந்தச் சன்னலில் உள்ளதுதான்.

அதைச் செய்தவர் தாமஸ் ஃபவுலர். 1777இல் பிறந்தவர், பீப்பாய் செய்யும் தொழிலாளியின் மகன். சிறுவயதிலேயே தோல் வியாபாரியிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். பகலெல்லாம் ஆட்டுத்தோலோடு மல்லாடிவிட்டு, இரவில் கணிதப் புத்தகத்தைத் திறந்துவைத்துத் தானாகவே படித்துக்கொண்டார். பிறகு அச்சகம் வைத்தார், புத்தகக் கடை வைத்தார், உள்ளூர் வங்கியில் பொறுப்பேற்றார். இத்தனைக்கும் நடுவே அவருக்கு வந்து சேர்ந்த இன்னொரு வேலைதான் நம் கதைக்கு வேண்டியது.

1834இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஏழைகள் நிவாரணச் சட்டத்தை மாற்றி எழுதியது. அதுவரை தனித்தனியாக ஏழைகளைப் பராமரித்துவந்த திருச்சபை வட்டாரங்களைச் சேர்த்து ஒன்றியங்களாக்கினார்கள். டோரிங்டன் ஒன்றியத்தின் பொருளாளர் ஃபவுலர். மொத்தச் செலவை ஒவ்வொரு வட்டாரமும் தன் விகிதப்படி பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்த விகிதக் கணக்கைப் போட்டுக் கொடுப்பது அவர் தலையில் விழுந்தது. இங்கிலாந்தின் அன்றைய பணமோ பவுன், ஷில்லிங், பென்ஸ், ஃபார்திங். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு பென்னிக்கு 4 ஃபார்திங். ரூபாய், அணா, பைசாவில் வட்டிக் கணக்குப் போட்டுப் பழகிய நம் தாத்தாக்களுக்கு இந்தத் தலைவலியை விளக்கத் தேவையில்லை. பெருக்கி, வகுத்து, மீதியை அடுத்த அலகுக்கு மாற்றி, மறுபடி வகுத்து... ஒரு பக்கம் முடிவதற்குள் இரண்டு பிழை.

ஃபவுலர் எல்லாத் தொகையையும் ஃபார்திங்காக மாற்றிக்கொண்டு, அந்த எண்ணை 2இன் அடுக்குகளாகவோ 3இன் அடுக்குகளாகவோ உடைத்தார். அப்படி உடைப்பதற்கான வாய்ப்பாடுகளை 1838இல் புத்தகமாகவே வெளியிட்டார். 3இன் அடுக்குகளில் அவர் கையாண்ட முறைதான் வேடிக்கையானது. அதில் 0, 1, 2 என்ற இலக்கங்கள் கிடையாது. இருப்பவை மூன்று: கூட்டு, கழி, சும்மா இரு. அதாவது +, −, 0. கணிதத்தில் இதற்குச் சமநிலை மும்ம முறை என்று பெயர்.

இது ஃபவுலரின் கண்டுபிடிப்பு அல்ல. இதன் வேர் தராசில் இருக்கிறது.

பீசா நகரத்து லியோனார்தோ, ஃபிபோனாச்சி என்று நாம் அறிந்தவர், 1202இல் எழுதிய கணக்குப் புத்தகத்தில் ஒரு வியாபாரியின் எடைக்கல் கணக்கு உண்டு. நான்கே கற்களை வைத்துக்கொண்டு 1 முதல் 40 வரை எந்த எடையையும் நிறுக்க வேண்டும், கற்கள் எவை? 1612இல் பிரெஞ்சுக்காரரான பாஷே தம் விளையாட்டுக் கணக்குப் புத்தகத்தில் இதையே பிரபலமாக்கினார். விடை 1, 3, 9, 27. சூட்சுமம் என்னவென்றால், கல்லைச் சரக்கு இருக்கும் தட்டிலும் வைக்கலாம். 25 நிறுக்க வேண்டுமா? ஒரு தட்டில் 27உம் 1உம். மறு தட்டில் சரக்கோடு 3. எதிர்த் தட்டில் வைத்த கல் +, சரக்குத் தட்டில் வைத்தது −, பெட்டியிலேயே கிடப்பது 0. பெரிய கல்லிலிருந்து வரிசையாக எழுதினால் 25 என்பது + 0 − + ஆகிவிடுகிறது. கல்லை எப்போதும் ஒரே தட்டில்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் 40 வரை போக ஆறு கற்கள் வேண்டும்: 1, 2, 4, 8, 16, 32.

இந்த 40 என்ற எண் தமிழ்நாட்டுப் பழைய கடைக்காரர்களுக்கு அந்நியமானதல்ல. மெட்ரிக் முறை வருவதற்கு முன் ஒரு வீசைக்கு 40 பலம். ஒன்று, மூன்று, ஒன்பது, இருபத்தேழு பலம் எடையுள்ள நான்கு கற்கள் இருந்தால் ஒரு பலம் முதல் ஒரு வீசை வரை பலக்கணக்காக எதையும் நிறுத்துவிடலாம். ஆனால் கடைத்தெருவில் புழங்கியது அரை வீசை, கால் வீசை, அரைக்கால் வீசை என்று பாதி பாதியாகக் குறையும் கற்கள்தான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. புளி இருக்கும் தட்டிலேயே கடைக்காரர் ஒரு கல்லையும் தூக்கிப் போட்டால் எந்த வாடிக்கையாளர் சும்மா இருப்பார்? கணக்குச் சரியாக இருந்தால் போதாது, சரியாக இருப்பதாகக் கண்ணுக்கும் படவேண்டும். இந்த எண்முறை காகிதத்தில் ஜெயித்துக் கடைவீதியில் தோற்றது இது முதல் தடவை. கடைசித் தடவை அல்ல.

காகிதத்தில் அது எப்படி ஜெயிக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முழு எண் எதுவானாலும் இம்முறையில் எழுத ஒரே ஒரு வழிதான் உண்டு. அதிலும் குறை எண்ணுக்கென்று முன்னால் தனிக்குறி போட வேண்டியதில்லை. 5 என்பது + − −, அதாவது ஒன்பதில் மூன்றும் ஒன்றும் போக மீதி. எல்லாக் குறியையும் புரட்டினால் − + +, அதுதான் −5. முதல் குறியைப் பார்த்தாலே எண் மிகையா குறையா என்று தெரிந்துவிடும். சுழி அல்லாத குறிகளை எண்ணினால் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று தெரியும்: 25இல் மூன்று குறிகள், ஆகவே ஒற்றை; 14 என்பது + − − −, நான்கு குறிகள், ஆகவே இரட்டை. அடுக்கிலுள்ள கற்கள் எல்லாமே ஒற்றைப்படை எடை என்பதால் வரும் பலன் இது. கடைசிக் குறி 0 என்றால் எண் மூன்றால் வகுபடும்.

பெருக்கல் இன்னும் சுகம். மனப்பாடம் செய்ய வாய்ப்பாடே இல்லை. + வந்தால் எண்ணை அப்படியே எழுது, − வந்தால் புரட்டி எழுது, 0 வந்தால் விட்டுவிடு. 5ஐ 7ஆல் பெருக்குவோம். 7 என்பது + − +. அதன் கடைசிக் குறி +, எனவே முதல் வரியில் + − − அப்படியே. நடுக் குறி −, எனவே ஓரிடம் இடப்பக்கம் தள்ளி − + +. முதல் குறி +, இன்னும் ஓரிடம் தள்ளி + − −. இப்போது பத்தி பத்தியாகக் கூட்ட வேண்டும். ஒன்றின் இடத்தில் −. மூன்றின் இடத்தில் ஒரு −உம் ஒரு +உம் அடிபட்டு 0. ஒன்பதின் இடத்தில் இரண்டு +, ஒரு −, மிஞ்சுவது +. இருபத்தேழின் இடத்தில் இரண்டு −. அதை + என்று எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு ஒரு − கொண்டுபோனால், அங்கே தனியாக நின்ற + அதோடு அடிபட்டுப் போகிறது. கிடைப்பது + + 0 −. இருபத்தேழும் ஒன்பதும் முப்பத்தாறு, ஒன்று போக 35.

தோராயமாக்குவதிலும் ஒரு சௌகரியம் உண்டு. நம் பதின்ம முறையில் 1999இன் கடைசி மூன்று இலக்கங்களை வெட்டினால் ஆயிரம்தான் கிடைக்கும். இரண்டாயிரத்துக்குத்தானே பக்கம் என்று பார்த்துத் திருத்த வேண்டும். இங்கே வெட்டினாலே போதும். 25இன் கடைசி இரண்டு குறிகளை வெட்டினால் மிஞ்சுவது + 0, அதாவது மூன்று ஒன்பது, 27. இருபத்தைந்துக்கு மிக அருகிலுள்ள ஒன்பதின் மடங்கு அதுதான். அடிமானமான 3 ஒற்றைப்படை என்பதால் முழு எண்ணில் வெட்டுப்படும் துண்டு ஒருநாளும் சரிபாதியைத் தொடுவதில்லை. மேலே போவதா கீழே போவதா என்ற சண்டையே வராது.

ஃபவுலரை ஈர்த்தது இந்த அழகு மட்டுமல்ல. அவரிடம் பித்தளை இல்லை. அதே காலத்தில் லண்டனில் சார்ல்ஸ் பாபேஜ் பதின்ம முறையில் பல்சக்கரங்களைக் கொண்டு தம் இயந்திரத்தைச் செய்யப் போராடிக்கொண்டிருந்தார். ஒரு சக்கரம் பத்து நிலைகளில் பிசகில்லாமல் நிற்க வேண்டுமென்றால் உலோகம் வேண்டும், தேர்ந்த கைவினைஞர்கள் வேண்டும், பணம் வேண்டும். அரசாங்கம் ஏறக்குறைய 17,000 பவுன் கொடுத்தும் அந்த வேலை முடியவில்லை. ஃபவுலருக்கோ தச்சுக்கருவியும் மரமும்தான். ஒரு மரச்சட்டம் மூன்றே நிலைகளில் நின்றால் போதும்: முன்னே, நடுவே, பின்னே. மயிரிழை பிசகினாலும் எந்த நிலை என்பதில் சந்தேகம் வராது. கருவியின் உள்ளமைப்பு எளிதாக வேண்டுமென்பதற்காக எண்முறையையே மாற்றினார். ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி உயரம் என்று ஒரு மேசையளவுக்கு அந்தக் கருவி அமைந்தது.

1840 மே மாதம் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் அதைக் காட்சிக்கு வைத்தார். பாபேஜ் வந்து பார்த்தார். அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி பார்த்தார். கணிதப் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கன் பார்த்துவிட்டு அது இயங்கும் விதத்தைக் குறிப்பாக எழுதிவைத்தார். இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தக் குறிப்பிலிருந்துதான்.

ஏன், ஃபவுலரின் வரைபடம் இல்லையா என்று கேட்கலாம். அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1828இல் அவர் பம்பில்லாமல் வெந்நீர் தானாகவே குழாய்களில் சுற்றிவந்து வீட்டைச் சூடாக்கும் அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். காப்புரிமைச் சட்டத்தின் ஓட்டைகள் வழியே ஊரெல்லாம் அதை நகலெடுத்துக்கொண்டது; ஃபவுலருக்குக் காசு வரவில்லை. சூடுபட்டவர் கணக்குக் கருவியின் வரைபடத்தை வெளியிட மறுத்துவிட்டார். உலோகத்தில் செய்ய அரசு உதவும் என்று எதிர்பார்த்தார். பாபேஜுக்குக் கொட்டிக்கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட அரசு இன்னொரு கணக்குக் கருவியைத் திரும்பிப் பார்க்கவும் தயாராக இல்லை என்று அவர் மகன் பின்னாளில் வருத்தத்தோடு எழுதினார். மனித சமுதாயம் ஆதியிலேயே பத்துக்குப் பதில் மூன்றை அடிமானமாக எடுத்திருந்தால் இத்தகைய கருவிகள் எப்போதோ சாதாரணமாகியிருக்கும் என்று ஏரிக்கு எழுதிய கடிதத்தில் ஃபவுலர் ஆதங்கப்பட்டிருக்கிறார். 1843இல் அவர் இறந்தார். 2000ஆம் ஆண்டில் மார்க் கிளஸ்கர் என்பவர் டி மார்கனின் குறிப்பையும் தேவாலயச் சன்னலையும் வைத்துக்கொண்டு கருவியைத் திரும்பக் கட்டிப் பார்த்தார். அது வேலை செய்தது.

டோரிங்டன் பொருளாளர் லண்டனுக்குப் பெட்டியைக் கொண்டுவந்த அதே 1840இல் பாரிஸில் லியோன் லலான் என்ற பொறியாளர் இதே முறையைப் பற்றி அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். நூறாண்டு கழித்து, 1950இல், தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் இத்தகைய சமச்சீர் எண்முறைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்குள் மின்னணுக் கணினிகள் வந்துவிட்டன; எந்த அடிமானம் சிக்கனம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. மொத்தம் முப்பது நிலைகளுக்குத்தான் கையில் சரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிலைச் சக்கரங்களாகச் செய்தால் மூன்று கிடைக்கும், ஆயிரம் எண்களைக் காட்டலாம். இரண்டு நிலை என்றால் பதினைந்து கிடைக்கும், 32,768 எண்கள். மூன்று நிலை என்றால் பத்து, ஆனால் 59,049 எண்கள். முழு எண் அடிமானங்களில் இந்தச் சிக்கனத்தில் மூன்றை மிஞ்ச ஆளில்லை.

இந்தச் சிக்கனம் நிஜமாகவே தேவைப்பட்ட இடம் மாஸ்கோ.

மாஸ்கோ பல்கலைக்கழகக் கணிதத் துறையில் செர்கேய் சோபலெவ் என்ற பெரிய கணித அறிஞர் இருந்தார். பல்கலைக்கழகத்துக்கு ஒரு கணினி வேண்டும் என்பது அவர் ஆசை. இசாக் ப்ரூக்கின் ஆய்வகத்தில் உருவான எம்-2 என்ற கணினி வந்துசேர வேண்டியது. அறிவியல் கழகத் தேர்தலில் ப்ரூக்குக்குப் போட்டியாளரான லெபெதெவுக்குச் சோபலெவ் ஆதரவளித்ததால் அது வரவில்லை என்பார்கள். வாங்க முடியாததை நாமே செய்துகொள்வோம் என்று 1956இல் ஒரு கருத்தரங்கைத் தொடங்கினார். சிறியதாக, மலிவாக, பழுதில்லாததாக, பல்கலைக்கழகங்களும் ஆலைகளும் வாங்கிப் பயன்படுத்தக்கூடியதாக ஒரு கணினி. பொறுப்பு நிகலாய் புருசென்ட்சோவ் என்ற இளம் பொறியாளருக்கு. 1925இல் பிறந்தவர், போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்.

அன்றைய வெற்றிடக் குழாய்கள் சூடாகி அடிக்கடி செயலிழந்தன. டிரான்சிஸ்டர் அப்போது கைக்கு எட்டாத சரக்கு. எளிதாகக் கிடைத்தவை ஃபெரைட் வளையங்களும் டயோடுகளும். அவற்றைக் கொண்டு கணினி செய்த வேறோர் ஆய்வகத்துக்குப் புருசென்ட்சோவ் போய்ப் பார்த்தார். அங்கே ஒவ்வொரு உறுப்பிலும் வேலை செய்யும் வளையம் ஒன்று, தேவையற்ற துடிப்பை ஈடுகட்டுவதற்காக மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கும் வளையம் இன்னொன்று. அந்தச் சோம்பேறி வளையத்துக்கும் வேலை கொடுத்தால் என்ன? ஒரு வளையத்திலிருந்து துடிப்பு வந்தால் +, மற்றதிலிருந்து வந்தால் −, இரண்டிலும் இல்லையென்றால் 0. மும்ம முறை இங்கே கணிதச் சித்தாந்தத்திலிருந்து இறங்கி வரவில்லை. இருந்த உதிரிபாகத்தை வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்திலிருந்துதான் அந்த முடிவு வந்தது.

1958 டிசம்பரில் கணினி ஓடியது. பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் சிற்றாற்றின் பெயரையே வைத்தார்கள்: செதூன். அதன் சொல் 18 குறி நீளம், அரைச்சொல் ஒன்பது குறி. அரைச்சொல்லில் −9,841 முதல் +9,841 வரை எண்கள் அடங்கும். மிகைக்கும் குறைக்கும் சரிசமப் பங்கு. வேக நினைவகத்தில் மொத்தமே 162 அரைச்சொற்கள். மீதியெல்லாம் காந்த உருளையில். கட்டளைகள் 24தான். நிரல் எழுதுகிறவர்கள் இரண்டிரண்டு குறிகளைச் சேர்த்து −4 முதல் +4 வரை ஓடும் ஒன்பதடிமான இலக்கமாக எழுதிக்கொண்டார்கள். விடை மிகையா, குறையா, சுழியா என்று பார்த்து மூன்று பாதையில் பிரிவது இந்தக் கணினிக்கு இயல்பாகவே வந்தது.

விலை 27,500 ரூபிள். அன்றைய கணினிகளின் நடுவே அது அடிமாட்டு விலை. கசான் நகரத் தொழிற்சாலையில் 1961இல் உற்பத்தி தொடங்கியது. மேலிடத்துக்கோ இது திட்டத்தில் இல்லாமல் பல்கலைக்கழகம் பெற்ற பிள்ளை. கேட்டவர்கள் அதிகம், தொழிற்சாலை செய்து கொடுத்ததோ ஆண்டுக்குப் பதினைந்து இருபது. 1965இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் சுமார் 50 செதூன்கள், மேற்கே கலினின்கிராடு முதல் கிழக்கே மகதான் வரை, பெரிய பழுதில்லாமல் உழைத்தன.

செதூனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு வளையங்கள் சேர்ந்தால் நான்கு நிலைகள் சாத்தியம். செதூன் பயன்படுத்தியது மூன்று. நான்காவதை வீணடித்தது. அதே இரண்டு வளையங்களில் இரண்டு பிட் வைத்திருந்தால் இன்னும் அதிகம் சேமித்திருக்கலாம், மும்ம முறையின் சிக்கனம் இங்கே கைநழுவிவிட்டது என்பது மேற்கத்திய விமர்சனம். கணக்குப்படி அது சரி. ஆனால் புருசென்ட்சோவ் கண்ணால் பார்த்த இரும உறுப்பும் இரண்டு வளையத்தைத் தின்றுவிட்டு இரண்டே நிலையைத்தான் தந்தது. அவர் ஒப்பிட்டது நூலிலுள்ள இலட்சிய இருமத்தோடு அல்ல, மேசைமேல் இருந்த இருமத்தோடு. அவர் பக்கமே நியாயம் அதிகம்.

1970இல் செதூன்-70 என்ற அடுத்த கணினியைப் புருசென்ட்சோவ் குழு செய்தது. உற்பத்திக்குப் போகவில்லை. பழைய செதூனின் முதல் பிரதி உடைத்து எறியப்பட்டது. ஆய்வகம் மாணவர் விடுதியின் மொட்டைமாடி அறைக்குத் துரத்தப்பட்டது. அதற்குள் சிலிக்கான் சில்லுகள் பெருகி, இரண்டு நிலைச் சுவிட்சுகள் காசுக்குப் பத்து என்றாகிவிட்டன. நிலைகளை எண்ணிச் சிக்கனம் பிடிப்பதற்கே அர்த்தமில்லாமல் போயிற்று. எண்முறைகளிலேயே அழகானது இதுவாகத்தான் இருக்கும் என்று 1969இல் புகழ்ந்து எழுதிய டொனால்ட் க்னூத்தும் அது பயன்படும் காலத்தை வருங்காலத்துக்குத் தள்ளிவைத்தார். 2014இல் புருசென்ட்சோவ் இறக்கும்போது உலகில் விற்பனைக்கு ஒரு மும்மக் கணினிகூட இல்லை.

ஆனால் தட்டுப்பாடு வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவின் பெரிய மொழி மாதிரிகளை ஓட்டுவதற்கு நினைவகமும் மின்சாரமும் போதவில்லை. 2024 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஒரு மாதிரியின் எடைகளை, அதாவது அது தன் கணக்குகளில் பெருக்கிக்கொள்ளும் எண்களை, −1, 0, +1 என்ற மூன்று மதிப்புகளுக்குள் அடக்கிக் காட்டினார்கள். அப்போது பெருக்கல் தேவையில்லை: கூட்டு, கழி, அல்லது விட்டுவிடு. ஒரு மும்மக் குறிக்குள் அடங்கும் தகவல் சுமார் 1.58 பிட் என்பதால் மாதிரியின் பெயரிலேயே 1.58 என்று சேர்த்துக்கொண்டார்கள். ஓடுவது என்னவோ இருமச் சில்லுகளில்தான். ஆகவே ஐந்து மும்மக் குறிகளை ஒரு பைட்டுக்குள் திணிக்கிறார்கள். ஐந்து குறிகளுக்கு 243 வகைகள், பைட்டில் இடம் 256, வீணாவது பதின்மூன்றே.